பதினேழாம் தூணின் பொந்து

அன்புள்ள குச்சிக்கு,

உன் அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். கடிதம் என்றால் முதல் வரியில் இப்படி எழுதித்தான் ஆக வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. எட்டு மாதமாக இந்த வீட்டில் ஒருத்தரும் நலமாக இல்லை. வியாழக்கிழமை மாலை நான்கு மணியிலிருந்துதான் நலம்.

உன் மேல் குற்றம் இல்லை என்று தீர்ப்பு வந்துவிட்டது.

உட்கார்ந்துகொண்டு படி. நின்றபடியே இந்த வரியைப் படித்துவிட்டு, அடுத்த வரியைக் கண் தெரியாமல் தேடிக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். தொலைபேசியில் சொல்லத்தான் நினைத்தேன். நாலு தடவை கூப்பிட்டேன். முதல் மூன்று தடவையும் உன் வீட்டுக்காரம்மாள் எடுத்து, நீ வெளியே போயிருப்பதாகச் சொன்னார். எங்கள் எண் வந்தால் அப்படிச் சொல்லும்படி நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்பதை நாலாவது தடவை அவரே பாவப்பட்டுச் சொல்லிவிட்டார். சரி, கடிதத்தைக் கிழித்துப்போடுவதற்கும் ஒரு தடவை கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும்.

அலுவலகத்திலிருந்து பதிவுத் தபாலில் உத்தரவு வரும். நம் தபால் பிரிவின் வேகம் உனக்குத் தெரியும், அதனால் முக்கியமான பகுதியை நானே பார்த்து எழுதுகிறேன். "தொட்டிப் பாலத்தின் பதினேழாம் தூணில் உள்ள பிளவு, தொட்டிச் சுவர் உயர்த்தப்படுவதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே உண்டானது எனக் காணப்படுகிறது. சுவரை உயர்த்த ஒப்புதல் அளித்த பொறியாளர் மீது குற்றம் இல்லை. வரைபடங்களில் கையெழுத்திடும் அவரது உரிமை இன்று முதல் திரும்ப வழங்கப்படுகிறது." கீழே ஐந்து கையெழுத்து. கடைசியில் உன் தலையிலும் ஒரு சின்னக் குட்டு வைத்திருக்கிறார்கள்: பொறியாளர் பதிவேட்டை மட்டும் நம்பாமல் வேறு ஓர் ஆளையும் அனுப்பிப் பார்த்திருக்கலாம் என்று. அதை வாங்கிக்கொள். வலிக்காது.

நீ கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், சலவைக்காரர் நடக்கிறார். பாலத்துக்குக் கீழே இருந்த கொட்டகையைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனபோது உடைந்த கால்தான், இப்போது கம்பு இல்லாமல் மாடிப்படி ஏறுகிறார். போன வாரம் கடைத்தெருவில் பார்த்தேன். "பாலத்தம்மா எப்படி இருக்காங்க?" என்று உன்னைத்தான் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. மேட்டுத் தெருவில் புதுக் கொட்டகை போட்டுவிட்டார், பாலத்தைச் சுற்றிப் போட்ட தற்காலிகக் குழாயில் இப்போது அங்கே தண்ணீர் நன்றாக வருகிறதாம்.

இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன் என்று முகத்தைச் சுளிக்காதே. வெளியூரிலிருந்து வந்த ஓர் அம்மாளுக்கு இதையெல்லாம் விளக்கி விளக்கி எனக்கு ஒப்பித்த மாதிரி ஆகிவிட்டது, அப்படியேதான் வரும்.

விசாரணையில் உன்னை மாட்டிவிட்டது பதிவேடு. வருஷத்துக்கு ஒரு தடவை, மூன்று நாள், பாலத்தின் மேல் தொட்டியில் ஊருக்கு ஓடிவரும் தண்ணீரை நிறுத்துவார்கள். தொட்டிச் சுவரில் படிந்திருக்கும் சுண்ணாம்பை உளியால் வெட்டி எடுப்பார்கள். வேலை முடிந்ததும் மேஸ்திரி முப்பத்தோரு தூணுக்கும் தனித்தனியாக எழுதிக் கையெழுத்துப் போடுவார். "பதினேழு: சுத்தம் செய்யப்பட்டது. பிளவு இல்லை." இருபத்தாறு வருஷமாக ஒரே வரி, ஒரே கையெழுத்து, உன் அண்ணன் கையெழுத்து. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஊர் பெருத்துப்போய்த் தண்ணீர் போதாமல் நீ தொட்டிச் சுவரை ஒன்றரை அடி உயர்த்தினாய். எட்டு மாதத்துக்கு முன்னால் பதினேழாம் தூணின் தலை பிளந்தது. அதற்கு முன்னால் பிளவே இல்லை என்று பதிவேடு சொல்கிறது. ஆக, நீ ஏற்றின தண்ணீரின் பாரம்தான் காரணம். கேட்கிற யாருக்கும் இது சரியாகத்தான் தோன்றும். எனக்கும் தோன்றியது.

முதல் நாள் விசாரணையில் தலைவர் உன்னிடம் கேட்டாரே, "இந்தப் பதிவேட்டுல உங்களுக்கு ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று. நீ "இல்லை" என்றாய். ஒரே ஒரு வார்த்தை. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு படித்தவளுக்குத் தன் பக்கம் நாலு வார்த்தை பேசத் தெரியவில்லையே என்று உள்ளுக்குள்ளேயே உன்னைத் திட்டினேன். அடுத்த வாரமே நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாய்.

நீ போன பிறகு விசாரணைக் குழு கல் ஆராய்ச்சி செய்யும் ஓர் அம்மாளை வரவழைத்தது. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கனத்த உடம்பு, கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி, கையில் சின்னச் சுத்தியல். பாலத்தின் ஒவ்வொரு தூணையும் தட்டிக் காது வைத்துக் கேட்டதால் நம் ஆட்கள் முதல் நாளே "கல் டாக்டர்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். பழைய வரைபடம் பார்க்க வேண்டும் என்று என் ஆவண அறைக்கு வந்தார். வந்தவர் போகவே இல்லை. உனக்குத்தான் தெரியுமே, அந்த அறையில் ஈரம், பூச்சி, ஒரு கால் ஆடும் ஏணி, இருபது வருஷமாக என்னைத் தவிர யாரும் அங்கே பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார்ந்ததில்லை. இவர் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். என் அறையில், எனக்கு.

நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் வரைந்த முதல் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு அரை நாள் பேசினோம். ஆயிரம் அடிக்கு மூன்று அங்குலம்தான் சரிவு. அதற்கு மேல் சரித்தால் தண்ணீர் கல்லை அரிக்கும், குறைத்தால் தேங்கும். பதினேழாம் தூண்தான் இருப்பதிலேயே உயரம். பள்ளத்தாக்குக் காற்றில் அது ஆடாமல் இருக்க வேண்டும் என்று கட்டினவர் அதன் தலையில் ஒரு கல் கோபுரத்தையே பாரமாக ஏற்றிவைத்திருக்கிறார். தொட்டி அந்தக் கோபுரத்துக்குள் புகுந்து வெளியே வருகிறது. உள்ளே இரண்டடி உயரம், பதினாறடி நீளம். நம் ஆட்கள் பொந்து என்று சொல்வார்களே, அது.

கல் டாக்டர் சொன்ன கதைகளை நீ கேட்டிருக்க வேண்டும். உனக்குப் பாதி தெரிந்திருக்கும், எனக்கு எல்லாம் புதுசு. மேல்நாட்டில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே பம்பு எதுவும் இல்லாமல் வெறும் சரிவை வைத்தே மலைத் தண்ணீரை நாள் கணக்கில் நடந்துபோகும் தூரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பள்ளம் குறுக்கே வந்தால் வளைவுக்கு மேல் வளைவாக அடுக்கிப் பாலம் கட்டுவார்கள். பள்ளம் ரொம்ப ஆழம் என்றால் ஈயக் குழாயில் கீழே இறக்கி அந்தப் பக்கம் ஏற்றிவிடுவார்கள். மட்டம் பார்க்க, நீளமான மரப் பலகையில் ஒரு பள்ளக் கோடு வெட்டி அதில் தண்ணீர் ஊற்றி வைத்துக்கொள்வார்களாம். அந்த வாய்க்கால்களிலும் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. தண்ணீர் நின்று எத்தனையோ காலம் கழித்து வந்தவர்கள் அந்தப் படிவைப் பலகை பலகையாக அறுத்து, மெருகேற்றி, பளிங்குக் கல் மாதிரி கோயில்களுக்குத் தூணாக வைத்திருக்கிறார்கள். நாம் உளியால் வெட்டிக் குப்பையில் கொட்டுவதை.

அப்போதுதான் அந்த விஷயத்தைச் சொன்னார். படிவில் வருஷத்துக்கு இரண்டு வரி விழும், வெயில் காலத்தில் ஒரு நிறம், குளிர் காலத்தில் ஒரு நிறம். இரண்டும் சேர்ந்து ஒரு வருஷம். மரத்தை வெட்டினால் வயது எண்ணுகிறோமே, அது போல எண்ணிவிடலாம். பிளவு வந்த வருஷத்தில் அதுவரை இருந்த வரிகள் உடைந்திருக்கும், அதற்குப் பிறகு வந்த வரிகள் உடையாமல் பிளவுக்குள் வளைந்து இறங்கியிருக்கும். "அந்தப் பொந்துல கொஞ்சம் பழைய படிவு இருந்தாப் போதும், பிளவுக்கு என்ன வயசுன்னு சொல்லிடுவேன். ஆனா உங்க பதிவேட்டப் பாத்தா வருஷா வருஷம் வழிச்சுச் சுத்தம் பண்ணியிருக்கீங்க. இவ்ளோ நல்ல மேஸ்திரி இருந்தா என்னை மாதிரி ஆளுக்கு வேலையே இல்ல," என்று சொல்லிச் சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது, அந்த நல்ல மேஸ்திரி என் வீட்டுக்காரர்தான் என்று சொன்னேன். ஆமாம், சொன்னேன். நினைத்தால் இன்னும் முகம் எரிகிறது.

கல் டாக்டர் சனிக்கிழமை ஊருக்குப் போவதாக இருந்தது. திங்கட்கிழமை பழுது பார்க்கும் நிறுவனத்தார் பொந்தைச் சுத்தமாகச் செதுக்கிவிட்டுக் கான்கிரீட் போட்டு அடைப்பதாக ஏற்பாடு. அதோடு முடிந்தது. பிளவு எப்போது வந்தது என்று பிறகு யாராலும் பார்க்க முடியாது.

வெள்ளிக்கிழமை மாலை வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். உன் அண்ணனின் வேலைச் சட்டை கைக்கு வந்தது. பொந்துக்குள் மட்டும் அவர் யாரையும் விடமாட்டார். "அத நான் பாத்துக்கிறேன், நீங்க போய் டீ குடிங்க" என்று ஆட்களை அனுப்பிவிட்டுத் தானே போவார். அரை மணி கழித்துச் சட்டையெல்லாம் சுண்ணாம்போடு வருவார். அந்தச் சட்டையை இருபத்து நாலு வருஷமாகத் துவைப்பவள் நான். மார்பில் சுண்ணாம்பு இருக்கும், வயிற்றில் இருக்கும். முழங்கையில் இருக்காது. ஒரு தடவைகூட இருந்ததில்லை. இரண்டடி உயரப் பொந்துக்குள் பதினாறடி ஊர்ந்துபோகிற மனிதருக்கு முழங்கை மட்டும் எப்படிச் சுத்தமாக இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை பார். கறை குறைவாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அவர் சமையலறையில் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். நேரே போய்க் கேட்டேன். பொந்துக்குள்ள எந்த வருஷம் போகாம விட்டீங்க என்று. குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. குழாயை இறுக்கினார், திறந்து பார்த்தார், மறுபடி இறுக்கினார். பிறகு, "எந்த வருஷமும் போகல," என்றார்.

பொந்தின் வாயிலில் உட்கார்ந்திருப்பாராம். உள்ளே கையை நீட்டி எட்டிய மட்டும் சுரண்டுவார். அந்தப் பொடியை எடுத்துச் சட்டையில் பூசிக்கொள்வார். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், பத்தொன்பது வயதில், பொந்துக்குள் மாட்டிக்கொண்டாராம். தோள் சிக்கி, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல், வாய்க்குப் பக்கத்தில் தண்ணீர் கசிய ஒரு மணி நேரம் கிடந்திருக்கிறார். அதற்குப் பிறகு அவரால் முடியவில்லை. ஏழு வருஷம் வேறு யாராவது போனார்கள், இவர் மேஸ்திரி ஆனதும் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு தானே போவதாக ஆக்கிவிட்டார். லிஃப்டில் ஏறாமல் ஐந்து மாடி நடப்பதும், மழை பெய்தாலும் ஜன்னலை மூடவிடாமல் சண்டை போடுவதும் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே. இது எனக்கே தெரியாது, குச்சி. ஒரே வீட்டில், இருபத்து நாலு வருஷம்.

நான் கத்தினேன். மறைப்பானேன், நன்றாகவே கத்தினேன். உங்க தங்கச்சி எட்டு மாசமா எங்கேயோ ஒரு வாடகை அறையில உக்காந்து அடுத்தவன் வரைபடத்துக்குக் கோடு போட்டுட்டிருக்கா, நீங்க ஒரு பொய்யைக் கட்டிக்கிட்டு இங்க ரேடியோ கேட்டுட்டிருந்தீங்களா என்று கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் என்னை உட்காரவைத்தது. "போயிருந்தாலும் ஒண்ணும் இருந்திருக்காதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். தினமும் சொல்லிக்கிட்டேன்."

கல் டாக்டர் சொன்னதை அவருக்குச் சொன்னேன். பொந்து சுத்தம் செய்யப்படவில்லை என்றால் படிவு அப்படியே இருக்கும் என்று. அவருக்கு உடனே புரிந்துவிட்டது, எழுந்து செருப்பை மாட்டினார். விருந்தினர் விடுதிக்குப் போனோம். கல் டாக்டர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே உன் அண்ணன், "நான் நல்ல மேஸ்திரி இல்லம்மா," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மாள் திட்டுவார் என்று நான் பயந்தேன். அவர் பெட்டியிலிருந்து பூதக்கண்ணாடியைத் திரும்ப எடுத்தார்.

மறுநாள் காலை பாலத்தில் இருந்தோம். கல் டாக்டருக்கு அந்தப் பொந்தில் தலையைத் தவிர வேறு எதுவும் நுழையாது. பழுது பார்க்கும் நிறுவனத்தின் மேற்பார்வையாளர், பிளந்த கல்லுக்கு அடியில் என் ஆளை அனுப்ப மாட்டேன் என்று கையை விரித்துவிட்டார், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. உன் அண்ணன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நுழைந்தார். இடுப்பு வரை போனார். பிறகு பின்னால் வரத் துடித்துக் குதிகாலால் உதைக்க ஆரம்பித்தார். இழுத்துவிட்டோம். வெளியே வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வாந்தி எடுத்தார். யாரும் சிரிக்கவில்லை.

நான் போனேன்.

ஆமாம், நான்தான், உன் அண்ணிதான், ஏணியில் ஏறினால் முழங்கால் வலிக்கிறது என்று உன்னிடம் புலம்புகிறவள். புடவையோடு ஊர முடியாது என்று உன் அண்ணனுடைய கால்சட்டையையும் சட்டையையும் போட்டுக்கொண்டேன். கயிற்றை அவர் பிடித்துக்கொண்டார். நெற்றியில் விளக்கு, கையில் உளி. உள்ளே போனதும் முதலில் தெரிந்தது நாற்றம், அடுத்தது என் மூச்சுச் சத்தம். வேறு எந்தச் சத்தமும் இல்லை. பாதி தூரத்தில் தோள் உரசியது, எனக்கும் உயிர் போய் வந்தது. பத்தொன்பது வயதில் இப்படி ஒரு மணி நேரம் கிடந்த பையனை அங்கேதான் முதல் தடவையாக நினைத்துப் பார்த்தேன். அவர் மேல் இருந்த கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. மீதி இன்னும் இருக்கிறது, அதை நான் விடுவதாக இல்லை.

கிழக்குச் சுவர் இடிந்து போயிருந்தது. மேற்குச் சுவர் முழுசாக நின்றது. அதில் நாலு விரல் கனத்துக்குப் படிவு, வரி வரியாக. சுவரின் மேலிருந்து கீழே வரை ஒரு பிளவு. அந்தப் பிளவுக்குள் வரிகள் வளைந்து இறங்கியிருந்தன, எனக்கே தெரிந்தது. இரண்டு இடத்தில் உளி வைத்து வெட்டி எடுத்தேன். ஒன்று பிளவின் ஓரத்தில், இன்னொன்று மேலே, கூரையை ஒட்டி. மேலேயும் ஒரு துண்டு வேண்டும் என்று கல் டாக்டர் ஏன் கேட்டார் என்று அப்போது தெரியாது. வெளியே வந்தபோது என் முழங்கை இரண்டும் தோலுரிந்து கிடந்தன. உன் அண்ணன் அதைத்தான் பார்த்துக்கொண்டே நின்றார்.

கல் டாக்டர் துண்டுகளை என் மேஜையில் வைத்து அறுத்து, மெருகேற்றி, ஞாயிற்றுக்கிழமை பூராவும் எண்ணினார். என்னையும் எண்ணச் சொன்னார். ஆளுக்கு மூன்று தடவை எண்ணினோம். கூரையை ஒட்டிய துண்டில் ஒன்பது வருஷம். நீ சுவரை உயர்த்தின பிறகுதானே தண்ணீர் அங்கே எட்டியது? அதனால் நாங்கள் எண்ணும் முறை சரிதான் என்று தெரிந்தது. பிளவின் ஓரத் துண்டில் மொத்தம் இருபத்தாறு. அடியில் மூன்று உடைந்திருந்தது. அதற்கு மேல் இருபத்து மூன்று வருஷத்து வரிகள் உடையாமல் பிளவுக்குள் இறங்கியிருந்தன. நீ இந்தப் பாலத்தின் கோப்பைக் கையில் தொடுவதற்கு முன்னால் வந்த பிளவு. எண்ணி முடித்ததும் அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இருபத்து மூணு வருஷத்துக்கு முன்னாடி இங்க என்னம்மா நடந்தது?" என்று கேட்டார்.

ஏணியில் ஏறினேன். கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. கீழே சாலை போட பதினேழாம் தூணுக்குப் பக்கத்துப் பாறையை வெடி வைத்து உடைக்க அனுமதி கேட்டு வந்த கடிதம், அதன் மேலேயே "ஆட்சேபணை இல்லை" என்று நம் அலுவலகத்தின் பதில். யார் எழுதினாரோ, கையெழுத்துப் புரியவில்லை. என் ஆவண அறையைக் காலி பண்ணிவிட்டு சைக்கிள் நிறுத்தலாம் என்று சொன்ன அதிகாரியை அன்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை உன் அண்ணன் விசாரணைக் குழு முன்னால் நின்று சொன்னார். அறையில் பதினோரு பேர். அதில் நாலு பேர் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறவர்கள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. பயமாக இருந்தது, அதனால் போகவில்லை, போனதாக எழுதினேன் என்று மூன்றே வாக்கியம். தலைவர், எத்தனை வருஷம் என்று கேட்டார். இருபத்தாறு என்றார். வியாழக்கிழமை தீர்ப்பு.

மேஸ்திரி வேலை போய்விட்டது. இப்போது மதகுக் கொட்டகையில் நீர்மட்டம் குறிக்கும் வேலை. ஒரு நாளைக்கு மூன்று தடவை அளவுகோலைப் பார்த்து எழுத வேண்டும், இன்னொருத்தர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு. நேற்று இவர் மட்டம் எழுதுவதற்கு முன் நாலு தடவை எட்டிப் பார்த்தாராம், சரிபார்க்க வந்தவர் அலுத்துப்போய், போதும் மேஸ்திரி, தண்ணி ஓடிடாது என்றாராம். கொட்டகைக்கு மூன்று பக்கம் ஜன்னல். நன்றாகத் தூங்குகிறார். ஒன்றும் கெட்டுப்போகவில்லை, அதைப் பற்றி நீ கவலைப்படாதே. பிளவை இணைத்து இரும்புப் பட்டை போடுகிறார்கள். நீ உயர்த்தின சுவரை இறக்கவில்லை, அது தாங்கும் என்று கல் டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

இனிமேல்தான் எனக்கு எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

தீர்ப்பு வந்த அன்று மாலை அவரிடம் ஒன்று கேட்டேன். பத்தொன்பது வயதில் பொந்துக்குள் மாட்டினீர்களே, வெளியே இழுத்தது யார் என்று. கூட வேலை செய்த யாராவது இருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டேன். "குச்சி," என்றார். சாப்பாடு கொண்டுவந்த பதினாலு வயதுப் பெண் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஊர்ந்து, அவர் சட்டையைக் கிழித்துத் தோளை விடுவித்து, இழுத்துக்கொண்டு வந்தாளாம். அவர் அழுதுகொண்டே, யாரிடமும் சொல்லிவிடாதே என்றாராம். சொல்ல மாட்டேன் என்றாயாம். சுவரை உயர்த்துவதற்கு முன்னால்கூட அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இப்பல்லாம் பொந்துக்குள்ள போறியா என்று கேட்டாயாம். போறேன் என்று சிரித்திருக்கிறார். நீ நம்பினாய்.

பிளந்த அன்றே உனக்குப் புரிந்திருக்கும். பதிவேட்டில் சந்தேகம் உண்டா என்று கேட்டபோது, உண்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நீ இல்லை என்றாய்.

உனக்கு வாய் இல்லை என்று திட்டினவள் நான். அதோடு விட்டேனா? நீ பெட்டி கட்டிய அன்று வாசலில் நின்று, "உங்க அண்ணன் எழுதினது என்னைக்குமே தப்பா இருந்ததில்ல, உன் கணக்குலதான் எங்கேயோ பிசகியிருக்கும், ஒத்துக்கிட்டா என்ன குறைஞ்சா போயிடுவே?" என்று கேட்டேன். நீ என்னைப் பார்த்தாய். பிறகு, குழாய்க்கு வாஷர் மாற்றச் சொல்லுங்க அண்ணி, ராத்திரியெல்லாம் சொட்டுது என்று சொல்லிவிட்டுப் போனாய். அந்தப் பார்வை என்ன என்று இப்போது தெரிகிறது. தெரிந்து என்ன.

அவரை மன்னித்துவிடு என்று கேட்டு இதை எழுதவில்லை. அவரும் கேட்கச் சொல்லவில்லை. நாலு தாள் எடுத்தார், நாலிலும் "அன்புள்ள" என்று எழுதிவிட்டு வைத்துவிட்டார். என்னையும் மன்னிக்க வேண்டாம். ஆனால் வா. வந்து திட்டு. அவரைத் திட்டி முடித்ததும் என்னைத் திட்டு. பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் பரவாயில்லை, சாப்பிடாமல் எழுந்து போ, கதவைச் சாத்து, என்ன வேண்டுமானாலும் செய். நீ ஒரு வார்த்தையும் சொல்லாமல் சுமந்துகொண்டு போனாயே, அதைத்தான் எங்கள் இரண்டு பேராலும் தாங்க முடியவில்லை.

நீண்ட ஆயுசோடு நன்றாக இரு. அந்த ரகசியம் இனி உன்னுடையது இல்லை, அவரே பதினோரு பேர் முன்னால் சொல்லிவிட்டார். கையை வீசிக்கொண்டு வா.

உன் அண்ணி